ஆட்சி மாறும் மாதங்களில் சுகாதாரப் பணியாளர்கள்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் புதிய அரசின் முதல் பட்ஜெட் வரை நான்கைந்து மாதம் ஓடும். திருவாடானையிலிருந்து கடலாடி வரை, ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.), துணை சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அந்த மாதங்களில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், ஏஜென்சி ஆட்கள், வீடு தேடிப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

1. தேர்தல் தேதி அறிவிச்சுட்டாங்க. நாளையிலிருந்து எங்க பி.எச்.சி.ல என்ன மாறும்?

சிகிச்சையில் எதுவும் மாறாது. புறநோயாளி சீட்டு, பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை மாத்திரை எல்லாம் வழக்கம்போலத்தான். தேர்தல் நடத்தை விதிகள் அறிவிப்பு வந்த அந்த நேரத்திலேயே அமலுக்கு வந்துவிடும். ஓட்டு எண்ணி முடிகிறவரை இருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் பிப்ரவரி 26 அறிவிப்பு, ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. வாக்குப்பதிவு முடிந்ததும் விதி தளர்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள். அந்த ஆண்டு நம் மாநிலத்தில் வாக்குப்பதிவுக்குப் பிறகும் 26 நாள் விதி இருந்தது.

உடனே செய்யவேண்டியது சுவர்களைப் பார்ப்பது. அரசுக் கட்டடத்தில் இருக்கும் அரசியல் படம், விளம்பரம், கட் அவுட் 24 மணி நேரத்துக்குள் போகவேண்டும். வாசல் பிளெக்ஸை யாரும் மறக்கமாட்டார்கள். மறப்பது உள்ளே இருப்பவற்றை: மருந்தக ஜன்னலில் ஒட்டிய காப்பீட்டுத் திட்ட ஸ்டிக்கர், பிரசவ வார்டு காலண்டர், திட்ட வாகனத்தின் பின்கதவு, எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் உள்ள சின்னப் படம். செய்தித்தாளை செல்லோ டேப்பால் ஒட்டி மறைத்தால் பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக் காற்றில் இரண்டே நாளில் உரிந்து தொங்கும். அப்புறம் அதையே படம் எடுத்துப் புகார் அனுப்புவார்கள். கழற்ற முடிந்ததைக் கழற்றி உள்ளே வையுங்கள், முடியாததற்கு வெள்ளைத் துணி கட்டுங்கள் அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். மறைத்த பிறகு தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. படம் போட்ட கர்ப்பிணிப் பெட்டகம், அட்டை எல்லாம் ஸ்டாக்ல இருக்கே. கொடுக்கலாமா, அப்படியே பூட்டி வைக்கணுமா?

மருந்தைப் பூட்டி வைக்கக் கூடாது. சிக்கல் படத்தில்தான், உள்ளே இருக்கும் இரும்புச்சத்து டானிக்கில் இல்லை. 2021 மார்ச்சில் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழில் பிரதமர் படம் இருந்தது பிரச்சினையானபோது, தேர்தல் நடந்த மாநிலங்களில் படத்தை எடுக்கச் சொன்னார்கள், ஊசி நிற்கவில்லை. அந்த அளவுகோலையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே நடப்பில் உள்ள திட்டத்தில், ஏற்கெனவே பதிவான பயனாளிக்குக் கொடுப்பதில் பொதுவாகத் தடை இல்லை. புதிதாகத் திட்டம் தொடங்குவது, விழா வைத்துக் கொடுப்பது, கட்சிக்காரர் கையால் கொடுப்பது, இவைதான் கூடாது. பெட்டகம் போன்ற இரண்டுங்கெட்டான் பொருளுக்கு வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். ‘போன்ல சொன்னாங்க’ என்பது ஆய்வுக்கு வருகிறவரிடம் எடுபடாது.

3. எனக்கும் தேர்தல் டியூட்டி போட்டுட்டாங்க. நான் கிராம சுகாதார செவிலியர், நிறைமாசக் கர்ப்பிணிங்க இருக்காங்க. முடியாதுன்னு சொல்லலாமா?

போகாமல் இருந்துவிடக் கூடாது; விலக்குக் கேட்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 159ஆம் பிரிவு பணியாளர்களைத் தேர்தல் வேலைக்குக் கேட்கும் அதிகாரம் தருகிறது. 28ஏ பிரிவின்படி அந்த நாட்களில் நீங்கள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கணக்கு. காரணம் இல்லாமல் கடமை தவறினால் 134ஆம் பிரிவு இருக்கிறது. ‘எங்க டாக்டரம்மா விடமாட்டேங்குறாங்க’ என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் மெமோ உங்களுக்குத்தான் வரும்.

விலக்குக் கடிதம் மருத்துவ அலுவலர் வழியாக மாவட்டத் தேர்தல் அலுவலருக்குப் போகவேண்டும். ‘வேலைப்பளு’ என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும், ஏனென்றால் ஆசிரியரும் அதையேதான் எழுதுகிறார். வாக்குப்பதிவு நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குள் பிரசவ தேதி உள்ள தாய்மாரின் எண்ணிக்கை, அதில் ரத்தசோகை, ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் உள்ளவர்கள் எத்தனை பேர், உங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு மாற்று செவிலியர் உண்டா இல்லையா, இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தாய்மாரின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். நீங்களே கர்ப்பிணியாகவோ கைக்குழந்தைக்காரராகவோ இருந்தால் சான்றோடு முதல் பயிற்சி வகுப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பட்டியல் இறுதியான பிறகு பெயரை எடுப்பது பெரும்பாடு.

பலருக்கு வருவது வாக்குச்சாவடி மருத்துவ உதவி வேலைதான். ஏப்ரல் வெயிலில் நம் பக்கம் விழுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில் நிற்கும் வயதானவர்கள். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்கவேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பின் அளவு தப்பிவிடும். அதனால் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், சாவடியில் குடம் மட்டும்தான் இருக்கும். மயங்கியவர் உளறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியும் விசிறியுமாக உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

4. அப்ப என் ஓட்டு?

டியூட்டி உங்கள் தொகுதிக்குள்ளேயே என்றால் படிவம் 12ஏ. தேர்தல் பணிச் சான்று கிடைக்கும், வேலை பார்க்கிற சாவடியிலேயே ஓட்டுப் போடலாம். வேறு தொகுதி என்றால் படிவம் 12, தபால் ஓட்டு. கீழக்கரைக்காரர் தொண்டியில் வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். சட்டமன்றத் தேர்தலில் அவர் ராமநாதபுரம் தொகுதி வாக்காளர், வேலை திருவாடானை தொகுதியில், ஆகவே படிவம் 12. அதே ஆள் நாடாளுமன்றத் தேர்தலில் 12ஏ கொடுக்கவேண்டும், ஏனென்றால் இரண்டும் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடக்கம். பயிற்சி வகுப்பில் இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். தப்பான படிவம் கொடுத்து ஓட்டை இழப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

12ஐ வாக்குப்பதிவுக்கு 7 நாள் முன்பும், 12ஏவை 4 நாள் முன்பும் கொடுக்கவேண்டும் என்பது விதி. முதல் பயிற்சி வகுப்பிலேயே கொடுப்பது நல்லது. 2023 திருத்தத்துக்குப் பிறகு தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக அனுப்ப முடியாது. பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வசதி மையத்திலேயே போடவேண்டும். தேர்தல் டியூட்டி இல்லாமல், ஆம்புலன்ஸ் போல அத்தியாவசியப் பணியில் அன்று இருப்பவர்களுக்குப் படிவம் 12டி உண்டு, ஆனால் உங்கள் துறை அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டும். அதற்கான கெடு தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 5 நாள்.

5. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல கட்சிப் பாட்டு வச்சா அது கூடவா தப்பு?

அரசுப் பணியாளர் என்றால் ஆம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 தேர்தல் காலத்துக்கு மட்டும் உள்ளதல்ல, வருஷம் முழுக்க உள்ளது. தேர்தல் சமயத்தில் எதிர்த்தரப்பு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும், அதுதான் வித்தியாசம். தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ எண்ணிக்கை முகவராகவோ இருந்தால் 134ஏ பிரிவின்படி 3 மாதம் வரை சிறை. அமைச்சர் சொந்த வேலையாகத் தொகுதிக்கு வரும்போது போய்ப் பார்ப்பதும் ஒழுங்கீனமாகவே எடுத்துக்கொள்ளப்படும். கோயிலுக்கோ தர்காவுக்கோ வந்தவரைச் சும்மா கும்பிட்டுவிட்டு வந்தேன் என்றாலும் படம் வெளியானால் விளக்கம் எழுதவேண்டிவரும்.

மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்கள் ‘நாங்க அரசு ஊழியரே இல்லையே’ என்பார்கள். சம்பள உரிமை கேட்கும்போது அதே வரியைத்தான் அரசு அவர்களிடம் சொல்கிறது என்பது வேறு கதை. ஆனால் ஊக்கத்தொகை பெறுபவர்களையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மருத்துவ உதவிப் பணியாளர்களையும் முகவராகப் போடக் கூடாது என்று தேர்தல் ஆணையக் கையேட்டில் இருக்கிறது. வீடு வீடாகப் பிரஷர் பார்க்கப் போகிறவர் பையில் நோட்டீஸ் இருந்தால் அடுத்த வாரம் எந்த வீடும் கதவு திறக்காது. விதியைவிட இந்தக் காரணம் பெரிது.

6. டிரான்ஸ்பர் ஆர்டர் பிப்ரவரியிலேயே வந்துருச்சு. ரிலீவ் பண்றதுக்குள்ள தேர்தல் வந்துருச்சு. நான் எந்த ஊர்க்காரி இப்ப?

தேர்தலோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புள்ள பணியாளர் என்றால், முன்பே போட்ட ஆணையாக இருந்தாலும், விடுவிக்கப்படாதவரை ஆணையத்தின் அனுமதி இல்லாமல் செயல்படுத்தக் கூடாது. உங்களுக்குத் தேர்தல் வேலை ஒதுக்கியிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் விடுவிப்பது பற்றித் துறையே முடிவெடுக்க இடம் உண்டு. ஆனால் சந்தேகம் என்று வந்தால் எல்லோரும் கோப்பைக் கீழே வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை முடிந்ததும் விடுவிக்கக் கோரும் கடிதத்தை இப்போதே கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். புதிய அரசு வந்து பழைய மாறுதல்களை மறுபடி பார்க்கிறோம் என்று சொன்னால் உங்கள் வரிசைக்கு அந்தத் தேதி ஆதாரம்.

மூன்று வருஷம் ஒரே மாவட்டத்தில் இருந்தால் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் மருத்துவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. அந்த விதி தேர்தலை நடத்தும் அதிகாரிகளுக்கு. மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் பொதுவாக அதில் வரமாட்டார்கள். ஒருதலைப்பட்சம் என்று குறிப்பிட்ட புகார் வந்து அது உறுதியானால் அப்போது வேறு.

7. மே மாசம் ஆட்சி மாறுனா எங்க வேலை போயிருமா? நேராச் சொல்லுங்க.

உங்கள் பணி ஆணையைப் பார்க்காமல் யாராலும் நேராகச் சொல்ல முடியாது. அந்தத் தாளில் நான்கு இடங்களைப் பாருங்கள்: யார் கையெழுத்து, எந்தத் தலைப்பில் சம்பளம், என்ன தேதியில் முடிகிறது, எந்தத் திட்டத்தின் பெயர். நிரந்தரப் பணியாளருக்கு ஆட்சி மாற்றத்தால் வேலை போகாது, இடம் மாறலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் வந்த செவிலியர்கள் 2015இல் 7,700 ரூபாயில் சேர்ந்தது முதல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்சிகளைப் பார்த்துவிட்டார்கள். காலமுறை ஊதியத்துக்கு (நிரந்தரச் சம்பள விகிதத்துக்கு) அவர்கள் போவது காலியிடம் வரும் வேகத்தைப் பொறுத்தது, மேடைப் பேச்சைப் பொறுத்ததல்ல. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் போட்ட 11 மாத ஒப்பந்தம் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணத்தில் ஓடுகிறது. அதில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். சென்னையில் யார் உட்கார்ந்தாலும் அந்தப் பணத்துக்கான வருடாந்தர ஒப்புதலில் உங்கள் பதவி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆபத்து அதிகம் உள்ளது ஒரு ஆட்சியின் பெயரோடு ஒட்டிப் பிறந்த திட்டத்தில் மட்டும் வேலை இருப்பவர்களுக்கு. அம்மா மினி கிளினிக் 2020 டிசம்பரில் தொடங்கியது. மாநிலம் முழுக்க 2,000 என்று அறிவித்தார்கள், டாக்டர், செவிலியர் எல்லாம் தற்காலிகம். ஐந்தாவது மாதம் ஆட்சி மாறியது. 2022 ஜனவரியில் அவை மூடப்பட்டதாக அமைச்சர் சொன்னபோது, ஓராண்டுக்கு மட்டும் எடுத்தவர்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். இன்னொரு உதாரணம் எதிர்த்திசையில் உள்ளது. 2020இல் கொரோனா அவசரத்துக்கு எடுத்த செவிலியர்களை 2021இல் வந்த அரசும் வைத்திருந்தது. ஆனால் 2022 டிசம்பர் 31 என்று ஆணையில் தேதி போட்டதும் வேலை முடிந்துவிட்டது. அவர்களை வெளியே நிறுத்தியது ஆட்சி மாற்றம் இல்லை, காலண்டர்.

பெயர் மாறினாலும் வேலை நிற்காத திட்டங்களும் உண்டு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அட்டை மாறியது, ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேசை போகவில்லை. மக்கள் அன்றாடம் கை நீட்டி வாங்கும் சேவையை எந்த அரசும் லேசில் நிறுத்தாது. அதற்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியை மட்டும் மாற்றும்.

8. பதினொரு மாசம், ஒருநாள் பிரேக், மறுபடி பதினொரு மாசம். ஏழு வருஷமாச்சு. நிரந்தரம் கேக்க முடியாதா?

கேட்கலாம், ஆனால் ‘எந்தக் காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்படமாட்டாது’ என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை முதலில் எதிர்பாருங்கள். 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்றது. இருபது வருஷமாக அரசுத் தரப்பு அதையே படிக்கிறது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம், எப்போதும் தேவைப்படும் வேலைக்கு நெடுங்காலம் ஆளை வைத்துக்கொண்டு ‘தற்காலிகம்’ என்ற சொல்லைக் கேடயமாக்கக் கூடாது என்ற திசையில் பேசியது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் காகிதங்கள்தான் பேசும்.

சேர்த்து வைக்கவேண்டியவை: எல்லா வருஷத்து ஆணையும் (பிரேக் முடிந்து போட்டவை உட்பட), தேர்வு அறிவிப்பு வந்த செய்தித்தாள் நறுக்கு, இனச் சுழற்சியில் எடுத்ததற்கான சான்று, வங்கிப் பாஸ்புத்தகம், வருகைப் பதிவேட்டு நகல், பிரேக் விட்ட நாளிலும் நீங்கள் வேலை பார்த்ததைக் காட்டும் பிரசவப் பதிவேடு அல்லது தடுப்பூசிப் பதிவேட்டுக் கையெழுத்து. கடைசியில் சொன்னதைத்தான் யாரும் எடுத்து வைப்பதில்லை. மகப்பேறு விடுப்பு நிரந்தரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதல்ல. 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் ஒப்பந்தப் பெண்ணுக்கும் சட்டம் 26 வாரம் தருகிறது.

9. ஏப்ரல் சம்பளம் வரல, மே-யும் வரல. புது அரசு நிறுத்திருச்சாமே?

பெரும்பாலும் இல்லை. தேர்தல் ஆண்டில் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்தான் போடுவார்கள். 2021இல் பிப்ரவரி 23 இடைக்காலம், முழுத் திருத்த பட்ஜெட் ஆகஸ்ட் 13. நிரந்தரப் பணியாளர் சம்பளம் அந்த இடைக்கால ஒப்புதலிலேயே களஞ்சியம் என்ற அரசுச் சம்பள மென்பொருள் வழியாக வந்துவிடும். நலவாழ்வுக் குழுமப் பணம் அப்படியில்லை. புதிய நிதியாண்டின் ஒப்புதல், மத்தியத் தவணை, மாநிலப் பங்கு, மாவட்டச் சங்கத்தின் கணக்கு என்று படி இறங்கி வரவேண்டும். ஆட்சி மாறாத வருஷத்திலும் ஏப்ரல், மே அங்கே தாமதமாகும் மாதம்தான்.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கதை தனி. அவர்கள் கூலி உள்ளாட்சி வழியாக வருகிறது. நம் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படிக் கை மாறும்போது பில் எந்த மேசையில் நிற்கிறது என்பதே தெரியாமல் போகும். மலேரியா விட்டுப்போகாத ராமேசுவரம், மண்டபம் பக்கம் இவர்கள் ஒரு மாதம் வராமல் போனால் கிணறும் தொட்டியும் புழு வைத்துவிடும். பொத்தாம்பொதுவாகச் ‘சம்பளம் வரல’ என்று மனுக் கொடுப்பதைவிட, ‘எந்த மாதப் பில், என்று அனுப்பப்பட்டது, எங்கே நிலுவை’ என்று மூன்றைக் கேளுங்கள்.

ஏஜென்சி ஆட்கள் ஒப்பந்ததாரர் மாறும் முன் பி.எஃப். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் குறித்து, பணம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏஜென்சி கூலி கொடுக்காமல் போனால் வேலை வாங்கிய நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு.

10. ஜெயிச்ச கட்சி ஆள் வந்து ‘அந்த நர்ஸ மாத்து, எங்க பிள்ளையப் போடு’ங்கிறார். மேலதிகாரியும் போன்லதான் சொல்றார். என்ன பண்றது?

சண்டை வேண்டாம், காகிதம் வேண்டும். வாய்மொழி உத்தரவை மறுக்காமல் எழுத்தில் திருப்பி அனுப்புங்கள். இவ்வளவு போதும்: ‘இன்று காலை தொலைபேசியில் தாங்கள் தெரிவித்தபடி, செவிலியரைப் பிரசவ வார்டிலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றும் பொருட்டு எழுத்துப்பூர்வ ஆணை வேண்டுகிறேன். ஆணை கிடைக்கும் வரை இரவுப் பணிக்கு மாற்று ஆள் இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.’ இதை அனுப்பிய பிறகு பத்தில் எட்டு உத்தரவு திரும்பி வருவதே இல்லை.

பதிலுக்கு மெமோ வந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை விதியின் 17(ஏ) வகையா 17(பி) வகையா என்று முதலில் பாருங்கள். ஏ சிறிய தண்டனை, பி பெரிய தண்டனை, வேலை வரைகூடத் தொடும். கெடுவுக்குள் பதில் கொடுங்கள். குற்றச்சாட்டில் சொன்ன ஆவணங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதையும் கெடுவுக்குள்ளேயே எழுதிக் கேளுங்கள். கோபத்தில் நான்கு பக்கம் அரசியல் எழுதுவது கேஸைக் கெடுக்கும். தேதி, பணிநேரம், பதிவேட்டுப் பக்கம், இவை மட்டும். ‘சஸ்பென்ட்’ ஆனாலும் வேலை போனதாகாது, பிழைப்பூதியம் உண்டு.

11. புது ஆட்சியில ஆள் எடுக்குறாங்களாம், மூணு லட்சம் கேக்குறாங்க.

கொடுக்காதீர்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்க வேலை மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பாக வரும். வராத வேலை இல்லாத வேலை. விதிகள் அமலில் இருக்கும்போது சட்டப்படி அமைந்த தேர்வாணையங்கள் தவிர மற்றவர்கள் ஆள் எடுக்க ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஆகவே மார்ச்சில் ‘உடனே ஆர்டர்’ என்பவர் சொல்வது பொய்.

12. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளும் நின்னுருச்சு. எங்கதான் போறது?

விதிகள் முடியும்வரை பெட்டியில்தான் போடவேண்டும். ரசீது கிடைக்காது என்பதால் விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) ஒன்று அனுப்புங்கள். அதைவிட முக்கியம் சரியான கதவு. ஆரம்ப சுகாதார நிலையம், கிராம செவிலியர் எல்லாம் பொது சுகாதாரத் துறை. நம் வருவாய் மாவட்டத்துக்குள் ராமநாதபுரம், பரமக்குடி என இரண்டு சுகாதார மாவட்டம் இருப்பதால் உங்களுடையது எது என்று பாருங்கள். தாலுகா ஆஸ்பத்திரிகள் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் கீழ். 2022 ஜனவரியில் திறந்த ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி டீன், மருத்துவக் கல்வி இயக்ககம். தவறான கதவில் விழுந்த மனு இரண்டு மாதம் ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்றே சுற்றும்.

தகவல் உரிமை மனு எந்தத் தேர்தலுக்கும் நிற்காது: 10 ரூபாய், 30 நாளில் பதில். ஒன்பதாவது பதிலில் சொன்ன மூன்று கேள்விகளையும் அப்படியே எழுதலாம். நீதிமன்றம் என்றால் நமக்கு மதுரைக் கிளை.

13. தனியார் கிளினிக் வச்சிருக்கேன். ஆட்சி மாறுனா லைசென்ஸ் புதுசா எடுக்கணுமா?

வேண்டாம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் பதிவு அந்தந்தக் கவுன்சிலில். கிளினிக் பதிவு 1997 சட்டத்தின்படி இணை இயக்குநர் அலுவலகம் வழியாக. அவரவர் காலாவதித் தேதிதான் கணக்கு. ஆனால் ஆட்சி மாறும் சமயத்தில் ஆய்வு தளரும், யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருப்பவர்களுக்கு ஏர்வாடி நினைவிருக்கவேண்டும். 2001 ஆகஸ்ட் 6, புதிய அரசு வந்து மூன்று மாதம் ஆகவில்லை. மனநலக் காப்பகக் கொட்டகையில் தீ, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் எரிந்துபோனார்கள். கீற்றுக் கொட்டகையும் சங்கிலியும் பல வருஷம் எல்லார் கண் முன்னாலும் இருந்தவை. அதற்குப் பிறகுதான் கண்காணிப்பு இறுகியது.

14. எண்ணிக்கை அன்னைக்கு ராத்திரி ரெண்டு கட்சிக்காரங்களும் மண்டை உடைஞ்சு ஒரே நேரத்துல வந்தா?

யார் முதலில் வந்தார் என்பதல்ல, யாருக்கு ரத்தம் அதிகம் போகிறது என்பதுதான் வரிசை. இரண்டு தரப்பையும் வேறு வேறு அறையில் வையுங்கள், ஒருவருக்கு ஒரு துணை. அன்று மாலையே தையல் செட், நூல், டி.டி. ஊசி, சலைன் எண்ணி எடுத்து வையுங்கள். விபத்துப் பதிவேட்டில் நேரம், கொண்டுவந்தவர், அவர் சொன்ன காரணம், காயத்தின் நீள அகலம், இவற்றை அப்போதே எழுதுங்கள். ‘கட்சித் தகராறு’ என்று நீங்களாக எழுத வேண்டாம், சொன்னவர் வாக்கில் எழுதுங்கள். மறுநாள் ஜெயித்தவர் தரப்பு வந்து பதிவைத் திருத்தச் சொல்லும். திருத்தினால் மாட்டுவது எழுதிய கை. பத்தாவது பதிலில் சொன்ன கடிதமுறை இங்கும் பொருந்தும்.

பணியாளர் மேல் கை வைத்தால் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தண்டனை 10 ஆண்டு வரை. புகாரில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, நிறுவனத் தலைவர் கையெழுத்தோடு கொடுங்கள். அடிபட்ட செவிலியர் தனியாக ஸ்டேஷனுக்கு அலைய விடக் கூடாது. தூக்கம் வராமல் பயம் பிடித்துக்கொண்டால் 14416ல் டெலி மானஸ் மனநல உதவி உண்டு, பணியாளர்களும் கூப்பிடலாம்.

15. 2022ல மாதிரி இலங்கையில ஆட்சி கலங்கி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில ஆட்கள் வந்து இறங்குனா எங்க வேலை என்ன?

அன்று மார்ச்சிலிருந்தே படகில் வந்தவர்களை விசாரித்து மண்டபம் அகதிகள் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். விசாரணை கடலோரக் காவல்துறைக்கும் மற்றவர்களுக்கும் உரியது. தண்ணீர் வற்றிப்போன குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்க அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிக்கு அன்றே ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பாருங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் அதிலிருந்து தொடருங்கள். இல்லையென்றால் போடாததாகவே வைத்து வயதுக்கேற்ற அட்டவணை.

மலேரியா ரத்தத்தடவல் எடுக்கும்போது ஒன்றை யோசியுங்கள். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனச் சான்று பெற்றது. அவர்கள் கொண்டுவருவதைவிட, நம் கடற்கரையில் அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம். கொசுவலை முதலில் முகாம் பக்கம் போகட்டும்.

16. திட்டமே நின்னுபோனா என்கிட்ட இருக்கிற பி.பி. மிஷின், மாத்திரை, நோட்டு எல்லாம் என்ன பண்ண?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எந்தப் பெயரில் தொடரும், எந்த வடிவில் தொடரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் வதந்தி வரும். எழுத்தில் உத்தரவு வரும்வரை வீட்டுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தேர்தலும் பெரும்பாலும் அதற்குள்தான் வருகிறது. வருஷத்தில் ஆண்கள் பகலில் வீட்டில் இருக்கும் இரண்டு மாதம் அது. தங்கச்சிமடத்திலும் மூக்கையூரிலும் விட்டுப்போன பிரஷர்காரர்களைப் பிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒப்படைக்கச் சொன்னால் மூன்று தாள். முதலாவது கருவிகள்: பிரஷர் மிஷின், குளுக்கோமீட்டர், வரிசை எண், பேட்டரி நிலை. இரண்டாவது மாத்திரை: பெயர், எண்ணிக்கை, காலாவதி. மூன்றாவதுதான் உயிர்: எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தத் தேதியில் தீரும். தீரும் தேதி வரிசையில் எழுதுங்கள், தெரு வரிசையில் வேண்டாம். வாங்குகிறவர் முதல் வாரமே யார் வீட்டுக்கு ஓடவேண்டும் என்று அப்போதுதான் தெரியும். இன்சுலின் போடுகிறவர்களும் நடக்க முடியாதவர்களும் தாளின் தலையில். இரண்டு நகல் எடுத்து, வாங்கியவர் கையெழுத்துப் போட்டது உங்களிடம் இருக்கட்டும்.